உட்கார்ந்துவிட்டு அப்புறம் படம் எடுங்கள்

தமிழில் பயணக் காணொளி எடுத்துப் போடும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். உங்கள் காணொளிகளை விரும்பிப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஊரில் இருக்கும் என் அம்மா இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஆனால் அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில், அதனால் சாயங்கால வெயிலில்தான் அதன் முகப்பு ஜொலிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார். வியட்நாமின் ஹோய் ஆனில் மழைக்காலம் வந்தால் ஆற்றுத் தண்ணீர் கடைக்குள் ஏறிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் உங்கள் புண்ணியம். ஆகவே இதைக் கோபக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து வெளியே வர உங்கள் உதவி தேவைப்படுகிறது.

வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டு இந்தோனேசியாவின் மக்காசரில் இருந்தேன். சுலவேசித் தீவின் தென்மேற்கு முனையில் உள்ள துறைமுக நகரம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மலையேறினால் தொராஜா மக்களின் நாடு. ராத்திரி பஸ்ஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது ரந்தேபாவ் ஊரில் இறக்கிவிடுவார்கள். நான்கு முறை போயிருக்கிறேன். அங்கே வழிகாட்டியாக இருக்கும் ஒருவர் நண்பரானார். நான் ஊர் திரும்பிய பிறகும் வாட்ஸப்பில் பேசிக்கொள்வோம்.

சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு காணொளியின் இணைப்பை அனுப்பினார். "இது உங்கள் மொழி எழுத்துதானே? எங்கள் வீட்டுக்கு வந்து எடுத்தார்கள். தலைப்பில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

முகப்புப் படத்தில் அவருடைய மாமியார். இறந்து ஏழு மாதம் ஆகி, உள்ளறையில் நல்ல உடுப்பு உடுத்திப் படுக்க வைக்கப்பட்டிருந்தவர். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. 'பிணத்தோடு குடும்பம் நடத்தும் காட்டுவாசிகள்' என்று தலைப்பு. உள்ளே போனால் பேய்ப்பட இசை. இடையிடையே தம்பி ஒருவர் கிசுகிசு குரலில், "மக்களே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது" என்கிறார். அவர் கையில் அந்த வீட்டார் கொடுத்த காப்பி டம்ளர்.

நான் என்ன செய்வேன்? 'மலைநாட்டில் ஒரு பாட்டி வீட்டு விருந்து' என்று போட்டிருக்கிறார்கள் என எழுதி அனுப்பிவிட்டேன். அவர் ஒரு கும்பிடு போட்டார். அரை மணி நேரத்தில், இணைப்பைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டதாகவும், பப்புவாவில் வேலை பார்க்கும் மைத்துனர் அதைப் பார்த்து அழுதுவிட்டதாகவும் செய்தி வந்தது.

அந்தச் சேனலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். இதே சாயலில் நான் பார்த்த காணொளிகள் ஒன்றிரண்டு அல்ல.

முதலில் அந்தப் 'பிணம்' என்ற சொல். உடல் வீட்டில் இருக்கிறவரை தொராஜாக்கள் அப்படிச் சொல்வதில்லை. 'தோ மக்குலா' என்பார்கள். உடம்பு சுடுகிறவர், நோயாளி என்று பொருள். சாப்பாட்டு வேளையில் ஒரு தட்டு அருகில் வரும். வெளியே கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். ரம்பு சோலோ என்ற இறுதிச் சடங்கு தொடங்கிய பிறகுதான் அவர் இறந்தவர். இதைச் சொல்லிவிட்டுக் காணொளியில் ஒருவர் சிரிக்கிறார். சிரிக்க என்ன இருக்கிறது? நம் வீட்டில் யாராவது 'செத்தார்' என்று சொல்கிறோமா? தவறிவிட்டார் என்கிறோம். காலமானார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி அடைந்தார் என்று போஸ்டர் ஒட்டுகிறோம். துபாயிலிருந்து மூத்தவன் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு எடுத்து அப்பாவைக் கூடத்தில் கிடத்துகிறோம். வருகிற அத்தை கண்ணாடிமேல் கைவைத்து, "எந்திரிங்கண்ணே, யாரு வந்திருக்கேன்னு பாருங்க" என்று பேசுகிறார். யாரும் அங்கே பேய் இசை போடுவதில்லை. நமக்கு இரண்டு நாள், மூன்று நாள். அவர்களுக்கு மாதங்கள், சில வீடுகளில் ஆண்டுகள். அந்தக் காலத்தில் இலை, மூலிகை வைத்துப் பாதுகாத்தார்கள், இப்போது ஃபார்மலின் ஊசி. காத்திருப்பதன் காரணம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். போன பிள்ளைகள் வந்து சேர வேண்டும். அவர்களுக்குக் கூடுதலாக இன்னொன்று, பணமும் வந்து சேர வேண்டும்.

பணக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை நான் போனது ஒரு ஆகஸ்டு மாதம். மழை இல்லாத காலம், பள்ளி விடுமுறை, வெளியூர் போனவர்கள் திரும்பிவரும் நேரம் என்பதால் பெரிய சடங்குகள் ஜூலை, ஆகஸ்டில்தான் கூடும். வண்டியிலிருந்து இறங்கிய உடனே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணெதிரே அப்படி ஒரு காட்சி. படகைக் கவிழ்க்காமல் நிமிர்த்தித் தூண்கள்மேல் ஏற்றிவைத்த மாதிரி, இரண்டு முனையும் வானத்தைப் பார்த்து வளைந்த கூரை வீடுகள் வரிசையாக. எதிர்வரிசையில் அதே வடிவத்தில் குட்டிக் குட்டியாக நெற்களஞ்சியங்கள். வீட்டு முகப்புத் தூணில் இதுவரை அந்தக் குடும்பம் பலி கொடுத்த எருமைகளின் கொம்புகள், கீழிருந்து மேலாக. சுவர் முழுக்கச் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளையில் செதுக்கிய கோலங்கள். நான் நின்றுகொண்டே சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். "தூதுக், தூதுக்" என்றார். இந்தோனேசிய மொழியில் உட்காரு என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை, பந்தியில் இடம் பிடித்து வைத்திருக்கும் மாமா கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னார். ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்று ராத்திரி நண்பர் ஒரு விஷயம் சொன்னார். அந்த வளைந்த கூரை வீட்டுக்குத் தொங்கொனான் என்று பெயர். 'தொங்கொன்' என்றால் உட்கார்தல். குடும்பம் கூடி உட்காரும் இடம் தொங்கொனான். துக்க வீட்டுக்குப் போவதையும் அதே வேரிலிருந்து 'மாதொங்கொன்' என்பார்கள். கூட உட்காரப் போகிறேன் என்று பொருள். எங்கள் பக்கத்தில் துட்டி கேட்கப் போவது என்போம். அங்கேயும் வேலை அதுதானே? யாரும் பெரிதாகப் பேசிவிடுவதில்லை. பெஞ்சில் போய் உட்கார்கிறோம், அரை மணி நேரம் தரையைப் பார்க்கிறோம், எழுந்து வருகிறோம். வந்தார் என்பதுதான் கணக்கு.

இரண்டாம் நாள் ஒழுங்காகப் போனேன். கறுப்புச் சட்டை, கையில் ஒரு பெட்டி சிகரெட், இரண்டு கிலோ சர்க்கரை. அங்கே விருந்தாளி வெறுங்கையோடு போவதில்லை. மூங்கிலால் தற்காலிகமாகக் கட்டிய கொட்டகைகளில் எண் போட்டு ஒவ்வொரு உறவுக் கூட்டத்துக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வரிசையாக அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். முதலில் வந்தது வெற்றிலை பாக்கு. நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஏன் என்று கேட்க, கடல் கடந்து எங்கள் ஊரிலும் இதேதான் என்று சைகையில் சொன்னேன். அப்புறம் நான் எந்தப் படத்தை எடுத்தாலும் அந்த அம்மாளே ஆட்களை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்.

அங்கே உட்கார்ந்திருந்த போதுதான் அந்த மேசை கண்ணில் பட்டது. நுழைவாயில் ஓரம், ஒரு நீள நோட்டு, ஒரு ஆள். ஒவ்வொரு கூட்டமும் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்த பன்றியையும், பிடித்து வந்த எருமையையும் அவர் பெயரோடு எழுதிக்கொண்டிருந்தார். எருமைக்கு வெறும் எண்ணிக்கை போதாது. கொம்பின் நீளத்தைக் கையால் அளந்து குறித்தார்கள். ஒலிபெருக்கியில் இன்னார் இதைக் கொண்டுவந்தார் என்று அறிவிப்பு. பலி விலங்குகளுக்கு வரி வசூலிக்க அரசாங்க ஆள் ஒருவர் தனியாக.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு சுற்று வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். ஆண்டுக்கணக்கில் நாம் செய்த மொய் எல்லாம் அன்று திரும்பி வரும். வந்ததை நோட்டில் எழுதி, அவரவர் விருந்து வைக்கும்போது கூடுதலாகப் போட்டுத் திருப்ப வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. திருப்பிப் போட முடியாமல் தலைமறைவாகத் திரிந்தவர்களும் உண்டு. அப்பா விட்டுப் போன மொய்க் கணக்கு பிள்ளை தலையில் ஏறும். தொராஜா மலையில் இதை எருமையில் செய்கிறார்கள். இன்று என் அப்பா சடங்குக்கு நீ இரண்டு முழக் கொம்பு எருமை கொண்டுவந்தால், உன் வீட்டில் யாராவது தவறும்போது நான் அதே அளவு கொம்போடு வந்து நிற்க வேண்டும். நான் இல்லாவிட்டால் என் மகன். நோட்டு பேசும்.

இதோடு நிலமும் சேர்ந்துகொள்கிறது. பெற்றவர் சடங்குக்கு எந்தப் பிள்ளை எத்தனை எருமை வெட்டினான் என்பதை வைத்து வயலைப் பிரிக்கும் மரபு அங்கே உண்டு. ஆகவே ஒரு சாவு வீட்டில் கண்ணுக்குத் தெரிவது பலி என்றால், அடியில் ஓடுவது கடன், சொத்து, அண்ணன் தம்பி மானப் போட்டி எல்லாம். வெட்டியபின் கறி பங்கு வைக்கிற இடத்தைப் பாருங்கள். உயரமான மேடையில் நின்று பெயர் கூப்பிட்டு இறைச்சித் துண்டுகளைக் கொடுப்பார்கள். யாருக்கு எந்தத் துண்டு என்பதில் தகுதி இருக்கிறது. தப்பான துண்டு கைக்கு வந்தால் அவமானம். நம் ஊர்க் கோயிலில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று நடக்கும் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்களே, நீங்கள் இந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறீர்கள். ஒருவருடைய காணொளியில் அது மூன்று நொடி வருகிறது. கேமரா நிற்காமல் எருமையின் கழுத்தைத் தேடிப் போய்விடுகிறது. உலகத்திலேயே இந்த மேசையை மிகச் சுலபமாகப் புரிந்துகொள்ளக்கூடிய பார்வையாளர்களை வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்த ஆங்கிலக் காணொளியின் 'உறைய வைக்கும் சடங்கு' என்ற கதையை ஏன் நகலெடுக்கிறீர்கள்? அவர்களுக்கு மொய் தெரியாது, பாவம். உங்களுக்கு என்ன?

இன்னொன்று. கழுத்து அறுபடும் நொடியை மங்கலாக்கிக் காட்டுகிறீர்கள், யூடியூப் விதிக்குப் பயந்து. பாட்டியின் முகத்தை மங்கலாக்கத் தோன்றவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லை போலும்.

எருமை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, ரந்தேபாவில் போலு சந்தைக்குப் போனீர்களா? ஆறு நாளுக்கு ஒருமுறை கூடுவது மரபு. நூற்றுக்கணக்கில் எருமைகள் சேற்றில் நிற்கும். நம் ஊரில் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை வைத்துப் பிள்ளைபோல் வளர்ப்பவனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பையன், குளிப்பாட்டித் தேய்த்துவிட்டு, சில நேரம் காதருகில் பாடிக்கொண்டு. 'தெடொங் போங்கா' என்று ஒரு ரகம், கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக, வெளிர்க் கண்ணோடு இருக்கும். நல்ல போங்கா ஒன்றின் விலைக்குப் புதுக் கார் வாங்கலாம். பெரிய குடும்பத்துச் சாவென்றால் 24 எருமைக்குக் குறையக் கூடாது என்பார்கள். இறந்தவரை ஆவியுலகமான புயாவுக்கு ஏற்றிச் செல்லும் வாகனம் எருமை. புயா இருப்பது தெற்கே. நாமும் முன்னோரைத் தென்புலத்தார் என்கிறோம். நம் எமனுக்கும் எருமைதான். இதற்கெல்லாம் தொடர்பு இருக்கிறதென்று நான் ஆராய்ச்சி பண்ணவில்லை, அந்த ஆசையும் இல்லை. கேட்டபோது மனசுக்குள் ஒரு மணி அடித்தது, அவ்வளவுதான்.

'காட்டுவாசி'க்கு வருவோம். உங்கள் சேனல்களுக்கு விளம்பரம் தருகிற ஆட்களை விட அங்கே வங்கிக் கடன் விவரம் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1906-இல் அந்த மலைக்குள் படையோடு ஏறினார்கள். போங் திக்கு என்ற தலைவர் எதிர்த்து நின்று 1907-இல் கொல்லப்பட்டார். 1913-இல் பாதிரியார் வந்தார். இன்று பெரும்பாலான தொராஜாக்கள் கிறிஸ்தவர்கள், அதிலும் புராட்டஸ்டன்ட்கள். நான் பார்த்த ரம்பு சோலோவில் ஒரு பக்கம் ஆண்கள் சுண்டுவிரல் கோத்து வட்டமாக நின்று இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், நம் ஒப்பாரியைப் போல, ஆனால் ஆண் குரலில், மெதுவாக, மணிக்கணக்கில். 'மாபாதொங்' என்று பெயர். அது ஓய்ந்ததும் போதகர் மைக் பிடித்து ஜெபம் செய்தார். யாருக்கும் அதில் முரண் தெரியவில்லை. பழைய வழியை இன்னமும் பின்பற்றுகிற சிலர் இருக்கிறார்கள். 'அலுக் தோ தோலோ', முன்னோர் வழி, என்று அதற்குப் பெயர். அப்போது இந்தோனேசியாவில் ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட மதத்துக்குள் இருந்தாக வேண்டிய நிலை இருந்தது. அதனால் 1969-இல் அரசு அதை இந்து தர்மத்தின் ஒரு கிளையாகச் சேர்த்துக்கொண்டது. இதைப் படித்துவிட்டு 'இந்தோனேசிய மலையில் மறைந்திருக்கும் இந்துக்கள்' என்று ஒரு காணொளிக்குக் கிளம்பிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

'நடக்கும் பிணம்' என்று ஒரு படம் எல்லாக் குடும்பக் குழுவிலும் வந்திருக்கும், எனக்கே என் சித்தப்பா அனுப்பினார். அது மாநெநெ என்ற சடங்கு. தொராஜா முழுவதும் இல்லை, வடபக்கத்தில் சில ஊர்களில் மட்டும், அறுவடை முடிந்த பிறகு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. கல்லறையைத் திறந்து முன்னோர் உடலை எடுத்துத் தூசி தட்டி, வெயில் காட்டி, புது உடுப்பு மாற்றித் திரும்ப வைப்பார்கள். உடுப்பு மாற்ற நிமிர்த்திப் பிடித்த நேரத்தில் எடுத்த படம்தான் உலகம் சுற்றுகிறது. அந்தச் சடங்கை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்த நண்பர் சொன்னது, தாத்தாவுக்கு அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்ட பேத்தி, அவரைப் பார்த்ததே இல்லையாம். பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர்.

கம்பிராவுக்கு வந்த ஒரு தங்கை, தலையில் மாட்டிய கேமராவோடு ஓடிக்கொண்டே பேசியிருக்கிறார். பல் முளைக்கும் முன் இறந்த குழந்தைகளை ஒரு பெரிய மரத்தின் தண்டில் குடைந்து வைத்து, நாரால் மூடிய இடம் அது. மரத்தில் பால் ஊறும், தாயில்லாத குறை தெரியாது என்று தேர்ந்தெடுத்த மரம். இப்போது அந்த வழக்கம் இல்லை. நம்மிடமும் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்போம், பெரியவர்களுக்கு உள்ள சடங்கு எதுவும் செய்ய மாட்டோம். ஏன் என்று கேட்டால் பாட்டிமார் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் கேமராவை வைத்திருந்தால், அதற்கப்புறம் அந்தத் தங்கை எதையும் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

திருட்டுப் பற்றியும் ஒரு வார்த்தை. லெமோ, லோண்டா கல்லறைப் பாறைகளில் மாடம்போல் வெட்டிய இடத்தில் கைநீட்டி நிற்கும் மரப்பொம்மைகளைப் படம் எடுத்திருப்பீர்கள். 'தாவ்-தாவ்', இறந்தவரின் உருவம். எல்லோருக்கும் கிடையாது, உயர்குடிக்கு மட்டும். நல்ல தாவ்-தாவைப் பலா மரத்தில் செய்வார்கள். 1970-களில் சுற்றுலா பெருகியது. 1980-களில் பொம்மைகள் காணாமல் போக ஆரம்பித்தன. பாறையிலிருந்து பெயர்த்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். தாத்தாவே திருட்டுப்போன மாதிரி அந்தக் குடும்பங்களுக்கு. பலர் மிச்சம் இருந்ததை வீட்டுக்குள் எடுத்துப் பூட்டினார்கள், பாறையில் புதிதாகச் செய்து வைத்தார்கள். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல் திரும்பி வந்த கதை தெரிந்த நமக்கு இது அந்நியமில்லை. ஆகவே எந்தக் குகையில் காவல் இல்லை, எந்த வழியாக ஏறினால் கிட்டே போகலாம் என்று வரைபடம் போட்டுக் காட்டாதீர்கள். லோண்டாவில் ஒருவர் மண்டை ஓட்டைக் கையில் எடுத்துத் தன் முகத்தோடு வைத்துப் படம் எடுத்ததைப் பார்த்தேன். தமிழர் இல்லை, அந்த மட்டில் நிம்மதி.

இதையெல்லாம் சொன்னதால் நான் அங்கே உள்ள எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ஒரு சடங்குக்காக வயலை அடகு வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. எருமைக்குப் போகிற பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போகக் கூடாதா என்று தொராஜாக்களே கேட்கிறார்கள், அங்குள்ள தேவாலயங்களிலும் அந்த விவாதம் நடக்கிறது. பொன், இரும்பு, பனை, நாணல் என்று பெயர் வைத்துப் பிறப்பால் நான்கு படி பிரித்த சமூகம் அது, கடைசிப் படி அடிமைகள். டச்சுக்காரர்கள் சட்டத்தால் ஒழித்தாலும், யார் எந்த வழி வந்தவர் என்பது கல்யாணப் பேச்சின்போது நினைவுக்கு வந்துவிடும். நம் ஊர் மாதிரியேதான். வழிகாட்டிகள் இதைச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் காப்பித் தோட்டத்தைக் காட்டுவார்கள். என் நண்பரும் ஒருமுறை அப்படித்தான் பேச்சை மாற்றினார். இதை எடுங்கள், இதைக் கேளுங்கள். நான் புகழ்ச்சி கேட்கவில்லை. ஒரு எருமை வாங்க மூன்று ஆண்டு கலிமந்தானில் கூலி வேலை பார்த்தவனிடம் பத்து நிமிடம் பேசுங்கள் என்கிறேன்.

"அவர்தானே அனுமதி கொடுத்தார், காசும் வாங்கினாரே" என்பீர்கள். உண்மை. விருந்தாளி அதிகம் வந்தால் இறந்தவருக்குப் பெருமை என்று நினைக்கிற ஊர், வருகிறவர்களை விரட்ட மாட்டார்கள். ஆனால் அவர் அனுமதி கொடுத்தது படம் எடுக்க. தலைப்புக்கு அனுமதி கேட்டீர்களா? அந்தத் தலைப்பை அவர் மொழியில் அவர் முகத்துக்கு நேராக, கையில் அவர் கொடுத்த காப்பியோடு, படித்துக் காட்ட முடியுமா? எனக்கு முடியவில்லை. அதனால்தான் பொய் சொன்னேன்.

இதே ஆட்கள் இதே கேமராவோடு அடுத்து எங்கே போவார்கள் என்று தெரியும். லாவோஸின் லுவாங் பிரபாங்கில் விடியற்காலையில் துறவிகள் பிச்சைக்கு வருகிற வரிசைக்குள் புகுந்து முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பார்கள், எதிர்ப்பக்கத் தெருவில் நின்று எடுங்கள் என்று அங்கே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். தாய்லாந்தின் மே ஹாங் சோனில் கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த கயான் பெண்களைப் போய்ப் படம் எடுப்பார்கள். அவர்கள் மியன்மாரில் சண்டைக்குத் தப்பி வந்த அகதிகள் என்பதைச் சொல்ல மறந்துபோவார்கள். நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சொல்ல மறப்பதில்லை.

சரி, இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

நண்பரின் மகளுக்குப் பதினான்கு வயது. போனை எந்த எழுத்தின் மேல் காட்டினாலும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறது என்று போன வாரம் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். ரந்தேபாவ் சீனர் கடைப் பலகையை எல்லாம் படித்து முடித்துவிட்டாளாம். அடுத்து வீட்டில் இருக்கும் தமிழ் எங்கே என்று தேடுவாள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அவளுடைய பாட்டியின் முகத்துக்கு மேலே, மஞ்சள் எழுத்தில்.

வருகிற ஆகஸ்டில் பாட்டிக்கு ரம்பு சோலோ. பப்புவாவிலிருந்து மைத்துனர் வருகிறார். நான் போக முடியாது, ஒரு பன்றிக்கான பணத்தை அனுப்பியிருக்கிறேன். என் பெயரை நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன், அப்பா பெயரோடு சேர்த்து, எங்கள் ஊர் வழக்கப்படி.

தலைப்பை மாற்ற உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முகப்புப் படத்துக்கு அந்தக் காணொளியிலேயே நல்ல காட்சி ஒன்று இருக்கிறது, நாலாவது நிமிடத்தில், வாசலில் காப்பித் தட்டோடு நண்பரின் மனைவி நிற்பார். தலைப்பாக என்ன போடுவது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: 'மலைநாட்டில் ஒரு பாட்டி வீட்டு விருந்து'.

அன்புடன்,
பேராவூரணிப் பக்கத்திலிருந்து உங்கள் பார்வையாளன் ஒருவன்